ஸ்வெட்டர் பெட்டிக்குள் தூங்கலாமா?

குட்டீஸ்... அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்களில் பாதிப் பேர் ஊட்டிக்கும், கொடைக்கானலுக்கும் கிளம்பிவிடுவீர்கள். பள்ளிச் சுற்றுலாவாக இருக்கலாம். அப்பா, அம்மாவோடு குடும்பமாகவும் போகலாம். அம்மா மறக்காமல் ஸ்வெட்டரை எடுத்துப் பெட்டியில் வைப்பார். அது எங்கே இருக்கும்? அடியில்! அதற்கு மேல் புதுச் சட்டை, ஜீன்ஸ், முறுக்கு டப்பா, கிரிக்கெட் பந்து எல்லாம். ஊர் திரும்பிப் பெட்டியைத் திறந்தால், முறுக்கு தீர்ந்திருக்கும். ஸ்வெட்டர் மட்டும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கும்.

சென்னையில் ஒரு வேடிக்கை உண்டு. மார்கழி விடியற்காலையில் பால் வாங்கப் போகிற தாத்தா, மங்கி குல்லா, மப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு பனிமலை ஏறப் போகிறவர் மாதிரி நடப்பார். அப்போது குளிர் எவ்வளவு தெரியுமா? 20, 21 டிகிரிதான்! நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். அதே நாம், 8 டிகிரிக் குளிரில் ஊட்டி ஏரிக்கரையில் அரைக்கை டீ-ஷர்ட்டோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். ஸ்வெட்டர் போட்டால் சட்டை தெரியாதே! இப்போது யாரைப் பார்த்து யார் சிரிக்க வேண்டும், சொல்லுங்கள்?

என் கட்சி இதுதான்: குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் கம்பளி ஆடையைக் குளிர் வந்த பிறகு தேடக்கூடாது. அறையை விட்டு வெளியே கால் வைக்கும் முன்பே உடம்பில் இருக்க வேண்டும். அழகு, ஸ்டைல் எல்லாம் அப்புறம். இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. பட்டுச் சொல்கிறேன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. டிசம்பரில் கொடைக்கானலுக்குப் பள்ளிச் சுற்றுலா. என் அத்தை இரண்டு மாதம் உட்கார்ந்து எனக்காக ஒரு பழுப்பு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருந்தார். நல்ல கம்பளி நூல். ஆனால், கழுத்துப் பட்டை கொஞ்சம் பெரிது. பஸ்ஸில் ஒரு பயல், 'டேய்... கரடி வருதுடா!' என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டேன். தூண் பாறை பார்க்கப் போனபோது பையையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

பாறை தெரியவில்லை. பனிமூட்டம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. பெரிய மழைகூட இல்லை. கால் மணி நேரத் தூறல், கூடவே காற்று. என் பருத்திச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதலில் பல் தந்தி அடித்தது. பிறகு விரல் மரத்துப்போய் சட்டைப் பித்தானைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சார் வந்து ஏதோ கேட்டார். பதில் சொன்னேன், ஆனால், நாக்கு குழறி வார்த்தை சரியாக வரவில்லை. நான் நடிக்கிறேன் என்று நினைத்துப் பையன்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்து தூங்கினால் போதும் என்று இருந்தது.

அங்கே டீக்கடை வைத்திருந்த பெரியவர்தான் முதலில் புரிந்துகொண்டார். 'நடிப்பு இல்ல சார், புள்ள வெறச்சுப் போச்சு... ஈரச் சட்டைய மொதல்ல கழட்டுங்க' என்று சத்தம் போட்டார். சட்டையைக் கழற்றி, துண்டால் துடைத்து, தன்னுடைய கறுப்புக் கம்பளியை எடுத்து என்னைச் சுற்றினார். ஆட்டு வாடை அடித்தது. முள் முள்ளாகக் குத்தியது. இன்றுவரை அதைவிடச் சுகமான குத்தலை நான் அனுபவித்ததில்லை!

அன்று எனக்கு என்ன ஆயிற்று என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. இதற்குப் பனிக்கட்டி கொட்டும் ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை. 10 டிகிரியிலும், உடம்பு நனைந்து காற்றும் அடித்தால் இறங்கிவிடும். ஏனென்றால், காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். முதலில் நடுக்கம்; பிறகு பேச்சுக் குழறல், நடையில் தடுமாற்றம், தூக்கக் கலக்கம். நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால், 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று நினைக்காதீர்கள். அதுதான் மோசமான அறிகுறி. உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் போக வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மலையில் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வியர்க்க வியர்க்க இளநீர் குடித்துவிட்டு ஏறுகிறீர்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தில் வேறு பருவத்துக்கே வந்துவிடுகிறீர்கள். உடம்பு பழக நேரமே இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியில் உறைபனி விழும் காலம். சில விடியற்காலைகளில் தாழ்வான இடங்களில் புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளையாக இருக்கும். அந்த ஊர்க்காரர்களைப் பாருங்கள். கேரட் தோட்டத்துக்குப் போகும் அம்மாவும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். பள்ளிக்கூடம் போகும் வாண்டும் யூனிபாரம் ஸ்வெட்டர் போட்டிருக்கும். அரைக்கைச் சட்டையோடு சுற்றுகிறவர் யார் என்று பார்த்தால், கீழேயிருந்து வந்தவராகத்தான் இருப்பார்.

சரி, ஒரு கேள்வி. இரண்டு டம்ளரில் ஒரே அளவு ஐஸ் கட்டி போடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இன்னொன்றை ஸ்வெட்டரால் நன்றாகச் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகும்?

'ஸ்வெட்டர்தான் சூடாச்சே... அதுக்குள்ள இருக்கிறதுதான்' என்று நினைத்தீர்களா? வீட்டில் செய்து பாருங்கள், ஏமாந்து போவீர்கள். திறந்து வைத்ததுதான் முதலில் உருகும்! ஸ்வெட்டருக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அது ஒரு காவல்காரர், அவ்வளவுதான். உள்ளே இருப்பதை வெளியே விடாது. வெளியே இருப்பதை உள்ளே விடாது. ஐஸ் விற்பவர் பெரிய ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து, சாக்கால் மூடி வைப்பாரே, அதுவும் இதே வித்தைதான். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதல்லவா? 1842-ல் கட்டிய அந்தக் கட்டடத்துக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்று பெயர். அமெரிக்காவில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்காகக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள்.

ஆகவே, உடம்பில் சூடு இருக்கும்போதே காவல்காரரை நிறுத்த வேண்டும். எல்லாம் போன பிறகு பூட்டி என்ன பயன்? விறைத்த பிறகு ஸ்வெட்டர் போட்டால், சூடு வர வெகு நேரம் பிடிப்பது இதனால்தான்.

காவல் காப்பது உண்மையில் கம்பளி அல்ல. அதற்குள் சிக்கிக்கொண்ட காற்று. செம்மறி ஆட்டின் ரோமத்தை உற்றுப் பாருங்கள். நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று அசையாமல் மாட்டிக்கொள்ளும். அசையாத காற்று சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. பறவைகளின் இறகும் அப்படித்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை உங்கள் பாடத்தில் வந்திருக்குமே... பேகன் ஆண்டது பழனி மலைப் பக்கம். கொடைக்கானலும் அந்த மலைத் தொடரில்தான் இருக்கிறது. மனசு பெரிய மனசுதான். ஆனால், மயில் ஏற்கெனவே நல்ல போர்வை போர்த்திக்கொண்டுதான் இருந்தது! இறகும் ரோமமும் இல்லாத நமக்குத்தான் அது தேவை.

'காற்றுதானே வேண்டும்? இரண்டு பருத்திச் சட்டை போட்டுக்கொள்கிறேன்' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உலர்ந்திருக்கும் வரை பரவாயில்லை. நனைந்தால்தான் குட்டு வெளிப்படும். பருத்தி தண்ணீரைக் குடித்துத் தொய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர்! கம்பளியின் குணம் வேறு. அது தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் ஈரம் தெரியாது. உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தைக்கூட வெளிவிடும். ஈரமானாலும் சுருள் அவ்வளவு எளிதில் படுத்துவிடாது. தூறலில் ஆடு மேய்ப்பவர் கம்பளியைத் தலையிலிருந்து முக்காடு போட்டுக்கொண்டு நிற்பது சும்மா அல்ல. அதற்காகத் தொப்பலாக நனைந்த ஸ்வெட்டரோடு சுற்றாதீர்கள். எவ்வளவு நல்ல கம்பளியும் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்தால் காப்பாற்றாது.

'ஆட்டின் ரோமத்தை வெட்டினால் அதற்குக் குளிராதா, பாவம்!' என்று சில குட்டீஸ் வருத்தப்படுவது தெரிகிறது. நல்ல மனசு. ஆனால், கம்பளிக்காகவே வளர்க்கும் மெரினோ வகை ஆடுகளுக்கு ரோமம் தானாக உதிராது, வளர்ந்துகொண்டே போகும். நியூசிலாந்தில் ஷ்ரெக் என்று ஓர் ஆடு, கத்தரிக்குப் பயந்து ஆறு வருடம் குகைகளில் ஒளிந்து திரிந்தது. 2004-ல் பிடித்து வெட்டினார்கள். எவ்வளவு ரோமம் தெரியுமா? 27 கிலோ! பாவம், அதற்கு நடப்பதே கஷ்டமாக இருந்திருக்கும். குளிர் போன பிறகு, தோலில் காயம் படாமல் பக்குவமாகக் கத்தரித்தால் ஆட்டுக்கு அது முடி வெட்டிக்கொள்வது போலத்தான். இந்த விடுமுறையில் நீங்களே நேரில் பார்க்கலாம். கொடைக்கானல் அருகே மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் உண்டு. படகு சவாரியை மட்டுமே நாலு தரம் போவதற்கு, ஒரு தரம் ஆட்டைப் பார்க்கச் சொல்லி அப்பாவை நச்சரிக்கலாம்.

இப்போது கடைக்கு வருவோம். குளிர்காலத்தில் நம் ஊர்களில் திபெத்தியர்கள் ஸ்வெட்டர் கடை போடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் விற்கும் சரக்கில் பெரும்பகுதி பஞ்சாபில் உள்ள லூதியானாவில் தயாராவது. கலர் கலராக, பொசுபொசுவென்று இருக்கும். ஆனால், பொசுபொசுவென்று இருப்பதெல்லாம் கம்பளி இல்லை! பல ஸ்வெட்டர்கள் அக்ரிலிக். அதாவது, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை இழை. விலை குறைவு, எடை குறைவு, குத்தாது. உலர்ந்த குளிருக்கு அதுவும் போதும். அக்ரிலிக் ஸ்வெட்டர்தான் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். ஸ்வெட்டரே போடாமல் இருப்பதற்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஒன்று, மழை. அக்ரிலிக், கம்பளி போல ஈரத்தை இழைக்குள் வாங்கி ஒளித்துவைக்காது. இரண்டாவது, நெருப்பு. மலை விடுதிகளில் ராத்திரி கேம்ப் ஃபயர் என்று விறகு மூட்டிச் சுற்றி ஆடுவோமே, அங்கே. ஒரு பொறி விழுந்தால் கம்பளி சட்டென்று தீப்பிடிக்காது. கருகும், தலைமுடி கருகும் நாற்றம் வரும். நம் முடியும், ஆட்டு ரோமமும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. அக்ரிலிக்கோ மளமளவென்று எரிந்து, உருகி, தோலில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு இந்த கேம்ப் ஃபயர் சமாச்சாரமே அவ்வளவாகப் பிடிக்காது. அப்படியும் போவேன் என்றால், நாலு அடி தள்ளியே நில்லுங்கள்.

வாங்கும்போது ஸ்வெட்டரின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். எத்தனை சதவீதம் கம்பளி என்று போட்டிருக்கும். நூல்கண்டைச் சுற்றியது போன்ற ஊல்மார்க் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. 1964-லிருந்து கம்பளிக்கு உலகம் முழுவதும் இருக்கும் அடையாளம் அது. கம்பளி விலை அதிகம்தான். அதனால்தான் சொல்கிறேன்... வருடத்துக்கு ஒரு கலரில் மூன்று வாங்குவதற்குப் பதில், கொஞ்சம் பெரிய அளவில் நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள். கையை மடித்துவிட்டுப் போடலாம். நீங்கள் வளர்ந்த பிறகு தம்பிக்கோ, தங்கைக்கோ ஆகும்.

ஒரே ஒரு கனமான ஆடையை நம்புவதும் சரியில்லை. 1924-ல் ஜார்ஜ் மல்லோரி, ஆன்ட்ரூ இர்வின் என்ற இரண்டு பேர் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போய், ஜூன் 8-ம் தேதி மேகத்தில் மறைந்தார்கள். உச்சியைத் தொட்டார்களா என்பது இன்றும் புதிர். 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. 2024-ல் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பூட்ஸ் கிடைத்தது. (உங்கள் அம்மா யூனிபாரத்தில் பெயர் தைப்பாரே, அதுபோல!) மல்லோரி என்ன உடுத்தியிருந்தார் என்று ஆராய்ந்தார்கள். பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய ஆடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத காபர்டின் துணிக் கோட்டு. அதே மாதிரி ஆடைகளைத் தைத்து, 2006-ல் கிரஹாம் ஹாய்லண்ட் என்ற மலையேறி எவரெஸ்ட் பகுதியிலேயே போட்டுப் பார்த்தார். இலேசாகவும், வசதியாகவும், கதகதப்பாகவும் இருந்ததாம்.

மேலே ஒரு கோட்டு எதற்கு? கம்பளியில் ஓட்டை அதிகம். பலத்த காற்று அடித்தால், பிடித்து வைத்த கதகதப்பான காற்றை விரட்டிவிடும். நமக்குக் காபர்டின் வேண்டாம், மழைக்கோட்டு போதும். பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், காற்றோ தூறலோ வந்தால் மேலே மழைக்கோட்டு. ஓடி ஆடி வியர்க்க ஆரம்பித்தால் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் மறுபடி போடுங்கள். பனியன் வியர்வையில் நனைந்துவிட்டால் அதை மாற்றிவிடுங்கள். காதை மூட மங்கி குல்லா, காலுக்கு உலர்ந்த சாக்ஸ். 'உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது' என்று சில மாமாக்கள் அடித்துச் சொல்வார்கள். அது தவறு, தலை அளவுக்குத் தலை வழியே போகும், அவ்வளவுதான். ஆனாலும் குல்லா வேண்டும். காது விறைத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

'கம்பளி குத்துமே... அரிக்குமே!' என்பது அடுத்த புகார். உண்மைதான். தடித்த ரோமத்தின் முனைகள் தோலைக் குத்தும். மெரினோ போன்ற மெல்லிய ரோமம் குத்தாது. குத்துகிற ஸ்வெட்டர் என்றால், கழுத்துவரை பித்தான் போட்ட சட்டைக்கு மேலே போடுங்கள். தோல் சிவந்து தடித்தால் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

துவைப்பதைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெந்நீரில் போட்டு அடித்துத் துவைத்தால், உங்கள் ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும். ரோமத்தின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு; அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீர், மென்மையான சோப்பு. முறுக்கிப் பிழியக் கூடாது. கொடியில் தொங்கவிட்டால் கை நீண்டுவிடும். நிழலில் பாயில் பரப்பிக் காயவையுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க, நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே வைக்கலாம். அந்துருண்டை வேண்டாம் என்பேன். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும்.

அத்தை பின்னிய அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கொடைக்கானலிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அதைக் கழற்றவே இல்லை. கரடி என்று சொன்ன பயல் என் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டு, 'பாதி எனக்கும் விரிச்சு விடுடா' என்றான். எனக்குப் பிறகு தம்பி போட்டான். முழங்கையில் ஓர் ஓட்டை விழுந்தது, அத்தை வேறு கலர் நூலில் அடைத்துக் கொடுத்தார். இந்த டிசம்பரில் என் அக்கா மகன் ஊட்டிக்குப் போகிறான். நேற்றுத்தான் எடுத்து வெயில் காட்டினேன். கை மட்டும் அவனுக்கு இரண்டு அங்குலம் நீளம். மடித்து, இரண்டு தையல் போட்டு, பெட்டியின் மேலேயே வைத்திருக்கிறேன்.